சோனகத் தெருவில் ஒரு நிகாஹ்

தமக்கை மகளின் நிகாஹ் யாழ்ப்பாணத்திலேயே நடைபெற வேண்டும் என்பது உம்மாவின் பிடிவாதம். புத்தளத்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அதனை அவர் ஊர் என்று அழைத்ததில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று, ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் திரட்டினர். வெளியேற இரண்டு மணி நேரமே அவகாசம். அம்மாதப் பிற்பகுதியில் வட மாகாணத்திலிருந்து அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. சோதனையில் நகைகளையும் காணி உறுதியையும் பறிகொடுத்த வாப்பா (அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக), வீட்டுத் திறப்பை மட்டும் மடியில் முடிந்து வந்தார்.

எங்கள் வளவில் இன்று கூரையில்லை. சுவரைப் பிளந்து ஆலமரம் எழுந்துள்ளது. ஆதலால் கலியாணத்துக்கு அயலார் வீட்டில் தங்கினோம். ஹிஜ்ரி 8இல் மக்காவுக்குத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள், குடும்ப வீடுகளை அகீல் விற்றுவிட்டமையால் கூடாரத்தில் தங்கியதை மாணவர்க்குப் பலமுறை கற்பித்துள்ளேன். தேர்வில் வினாவாகவும் கேட்டதுண்டு. அந்த இரவில்தான் அதன் கனம் எனக்கு விளங்கிற்று.

விருந்து முடிந்ததும் உம்மா திறப்பை என்னிடம் தந்தார். மறுநாட்காலை, உறுதியின் பிரதி கோரிக் காணிப் பதிவகத்துக்குச் சென்றோம்.