மருந்துப் போத்தலில் உள்ள பதிவு எண்: அதைக் கொண்டு என்னென்ன அறியலாம்?

தோட்டப்புறங்களில் களைக்கொல்லிக்கு இன்றும் 'மருந்து' என்றுதான் பெயர். மருந்து அடிக்கப் போனார், மருந்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றே பேச்சு. போத்தலின் மேல் ஒட்டிய தாளில் மலாய்மொழியில் 'ராச்சுன்' என்று அச்சிட்டிருக்கும். ராச்சுன் என்றால் நஞ்சு. அந்தத் தாளில் இன்னொன்றும் இருக்கும். எல்.ஆர்.எம்.பி. என்ற எழுத்துகளில் தொடங்கும் ஒரு பதிவு எண். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் போத்தலுக்குள் இருப்பது என்ன, அதை விற்க அனுமதி உண்டா, விபத்து நேர்ந்தால் மருத்துவரிடம் என்ன சொல்வது என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி, களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, எலி மருந்து எதுவாயினும் பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவு பெற்ற பின்னரே விற்பனைக்கு வரவேண்டும். வாரியம் விவசாய இலாகாவின் கீழ் இயங்குகிறது. பதிவு விவரங்களை இலாகா 'சிஸ்மார்ப்' எனும் இணையத் தரவுத்தளத்தில் வைத்துள்ளது. கட்டணம் இல்லை. கைப்பேசி போதும். பக்கம் மலாய்மொழியில் இருப்பதால் பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். வீட்டில் இடைநிலைப்பள்ளி படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை.

தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது வணிகப் பெயரை அல்ல, 'பெராவிஸ் அக்திஃப்' என்று மலாயில் குறிப்பிடப்படும் செயல்படு பொருளை. ஒரே பொருள் பல நிறுவனங்களின் பெயரில், வெவ்வேறு நிறத் தாள்களில் விற்கப்படுகிறது. கிளைபோசேட் இதற்கு நல்ல உதாரணம். செம்பனைச் சிறுதோட்டக்காரர் ஒருவர் மூன்று வேறு மருந்து மாற்றிப் பார்த்ததாக நினைத்திருப்பார். மூன்றிலும் இருந்தது கிளைபோசேட்டாகவே இருக்கலாம். செயல்படு பொருள் தெரிந்தபின் அதன் விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். ஒரு போத்தலுக்குப் பழகிய மூடி அளவை, விழுக்காடு கூடிய இன்னொரு போத்தலுக்கும் பயன்படுத்தினால் கலவை அளவுக்கு மேல் கடுமையாகிவிடும்.

எண்ணைத் தேடியும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை என்றால் முதலில் எழுத்துப் பிழையைச் சரிபார்க்கலாம். அதன் பிறகும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் போத்தலைத் திறக்காமல் வைத்துவிட்டு, விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேட்பதே சரி. பதிவுக்குக் காலவரம்பு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. கொட்டகையில் பத்து வருடமாகக் கிடக்கும் போத்தலுக்கு எண் இருக்கும், பதிவு இல்லாமல் போயிருக்கலாம்.

அப்படிக் கிடக்கும் பழைய போத்தல்களில் பாராகுவாட்டும் இருக்கக்கூடும். பேராக்கில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்த தலைமுறைக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிராமக்சோன் என்ற பெயர் போதும். 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோட்ட நிர்வாகங்களுக்கு அது வசதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பச்சை இலையில் பட்டால் கருக்கிவிடும், பழுப்பேறிய மரப்பட்டையை ஒன்றும் செய்யாது, மண்ணில் விழுந்தால் களிமண்ணோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். மரத்தடியில் புல்லை மட்டும் அழிக்க இதைவிடத் தோதான பொருள் அன்று இல்லை.

அந்தப் பம்பை முதுகில் சுமந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதிலும் தமிழ்ப்பெண்கள் ஏராளம். நகம் நிறம் மாறிக் கழன்று விழுவது, மூக்கில் இரத்தம் வடிவது, கண் எரிச்சல், தோலில் புண் ஆகியவை பாராகுவாட் அடிப்பவர்களிடம் மருத்துவ உலகம் பதிவு செய்துள்ள பாதிப்புகள். தெனாகனித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் தோட்டங்களில் மருந்து அடிக்கும் தொழிலாளர்களிடம் ஆய்வு நடத்தி 2002இல் அறிக்கை வெளியிட்டன. தெனாகனித்தாவின் ஐரின் ஃபெர்னாண்டஸ் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. சுவீடன் 1983இலேயே தடை செய்திருந்தது. பின்னாளில் இதைத் தயாரித்த சின்ஜென்டா நிறுவனத்தின் தாயகமான சுவிட்சர்லாந்தும் 1989இலேயே தன் மண்ணில் நிறுத்திவிட்டது. தோட்டத்துப் பெண்களுக்கு அதே முடிவு முப்பது ஆண்டு தாமதமாக வந்தது.

ஆக, பாராகுவாட் உள்ள போத்தல் இன்று எந்தக் கடையில் கிடைத்தாலும் அது சட்டவிரோதம். வீட்டில் மிச்சம் இருந்தால் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றாமல், பூட்டி வைத்துவிட்டு இலாகாவிடம் வழி கேட்க வேண்டும்.

தரவுத்தளத்தில் அடுத்து கண்ணில் படுவது நச்சு வகுப்பு. போத்தல் தாளில் உள்ள வண்ணப் பட்டையும் இதைத்தான் காட்டுகிறது. இங்கேதான் வாசிப்பவர் தடுக்கி விழும் இடம் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் பூச்சிக்கொல்லிகளை வகுப்பு பிரிப்பது பெரும்பாலும் எலிக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை வைத்து. கொடுத்த எலிகளில் பாதி சாகும் அளவு எவ்வளவு என்பதே கணக்கு. பாராகுவாட்டுக்கு அது எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம், 2,4-டி என்ற இன்னொரு பழைய களைக்கொல்லிக்கு 375 மில்லிகிராம். இரண்டுமே இரண்டாம் வகுப்பு, அதாவது 'மிதமான ஆபத்து'. ஆனால் பாராகுவாட்டின் அடர்கலவையில் ஒரு வாய் விழுங்கினால் உயிர் போகலாம், மாற்று மருந்து கிடையாது. சில நாள்கள் கழித்து நுரையீரல் கெட்டு மூச்சு நிற்கும். அதே பட்டியல் பாராகுவாட்டின் பக்கத்தில் ஒரு குறிப்பாக இந்த ஆபத்தைச் சொல்கிறது. கட்டத்தை மட்டும் பார்ப்பவர் குறிப்பைத் தவறவிடுவார். வகுப்பு எண் சிறியதா பெரியதா என்று பார்த்து நிம்மதி அடைவது தவறு. பக்கத்தில் எழுதியிருப்பதை முழுக்க வாசிக்க வேண்டும்.

மேலும், அந்த எண் ஒரே வேளையில் உட்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கான விடை மட்டுமே. பல வருடம் தினமும் தோலில் பட்டால், ஓட்டைப் பம்பு முதுகில் ஒழுகினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் உதவும். பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் பூச்சிக்கொல்லிகளின் தன்மைகளைத் தொகுத்து வைத்துள்ளது. மண்ணில் எத்தனை நாள் தங்கும், மீனுக்கும் தேனீக்கும் என்ன செய்யும் என்பது வரை அதில் உண்டு. வட அமெரிக்கப் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பின் தரவுத்தளத்திலும் செயல்படு பொருளைத் தேடலாம். நாட்டுக்கு நாடு பெயரும் எழுத்தும் மாறுவதால், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுதும் ஒன்றாக உள்ள சி.ஏ.எஸ். எண்ணைக் கொண்டு தேடுவது நல்லது. கிளைபோசேட்டுக்கு அது 1071-83-6. குளோர்பைரிஃபாஸுக்கு 2921-88-2.

இரண்டு இடத்தில் தேடினால் இரண்டு விதமான பதில் வருவதும் உண்டு. கிளைபோசேட்டையே பார்க்கலாம். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. மறு ஆண்டு உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் கூட்டும் வல்லுநர் குழு, உணவின் வழியாக அது புற்றுநோய் ஏற்படுத்த வாய்ப்புக் குறைவு என்றது. ஒன்று பொய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. முதலாவது அந்தப் பொருளுக்கு அத்தகைய தன்மை உண்டா என்று பார்த்தது. இரண்டாவது சோற்றோடும் காய்கறியோடும் வயிற்றுக்குள் போகும் சிறு அளவைப் பார்த்தது. மருந்து அடிப்பவருக்கு வயிற்றைவிடத் தோலும் மூச்சுமே முக்கியம். அவருக்கு இரண்டாம் பதில் ஆறுதல் தராது.

ஈப்போவில் காய்கறி வாங்குபவரின் கவலை வேறு. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும் காய்கறியில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்பதற்கு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின் பதினாறாம் அட்டவணை வரம்பு வைத்துள்ளது. அனைத்துலக கோடெக்ஸ் தரவுத்தளத்திலும் பயிர் வாரியாக வரம்பைப் பார்க்கலாம். குளோர்பைரிஃபாஸ், கார்போஃபியூரான் இரண்டையும் மலேசியா 2023 மே 1 முதல் விவசாயத்தில் தடை செய்துள்ளது. ஆகவே பழைய கையேட்டிலோ அண்ணன் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் குறிப்பிலோ இவற்றைப் பார்த்துக் கொல்லைக் கத்தரிக்கு அடிக்கக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான பயன் ஒன்று உண்டு. யாராவது மருந்தை விழுங்கிவிட்டாலோ அடித்துக்கொண்டிருக்கும்போது மயங்கிவிட்டாலோ சிகிச்சை செயல்படு பொருளைப் பொறுத்தது. குளோர்பைரிஃபாஸ் நரம்பைத் தாக்கும் வகை, அதற்கு அட்ரோபின் கொடுப்பார்கள். பாராகுவாட்டுக்கோ, மூச்சுத் திணறுகிறது என்று வழக்கம்போல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் பாதிப்பு இன்னும் மோசமாகலாம். 'ஏதோ புல் மருந்து குடித்துவிட்டார்' என்று சொல்வது மருத்துவருக்குப் போதாது. போத்தலையோ தாளின் படத்தையோ கையோடு கொண்டுபோக வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நஞ்சு மையம் இயங்குகிறது. அதன் எண் 1-800-88-8099. பதிவு எண்ணையும் செயல்படு பொருளையும் அவர்களிடம் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். மயங்கியவரைக் காக்க வைத்துவிட்டு இணையத்தில் தேடக்கூடாது. 999க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே முதல் வேலை.

இதனால்தான் வேறு போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் ஆபத்தானது. ஒரு லிட்டர் மருந்தை இரண்டு வீட்டார் பங்கு போட்டுக் குளிர்பானப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றிக்கொண்டால், பதிவு எண்ணும் செயல்படு பொருளும் முதல் வீட்டிலேயே தங்கிவிடும். இரண்டாம் வீட்டில் இருப்பது பெயரில்லாத ஒரு திரவம். வாங்கிய அன்றே தாளை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.