செங்கோட்டை வழி: எங்கே தங்குவது, எதில் போவது?

செங்கோட்டை என்றதும் பலருக்கு வாஞ்சிநாதன் நினைவுக்கு வருவார். சிலருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். இன்னும் சிலருக்கு அது குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர், அவ்வளவுதான். ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் இரண்டு கேள்விகள் எழும். எங்கே தங்குவது? அருவிக்கு அருவி எதில் போவது?

பார்ப்பதற்குச் சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன், இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் உரிமை பயணம் போகிறவரின் கையில் இல்லை. அவர் என்ன சாதி, எந்த அரசின் குடி, கையில் எவ்வளவு பணம் என்பவையே விடையைத் தீர்மானித்தன. அந்த நிலை எப்படி மாறியது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தையும் கேரளத்தையும் சுவர்போலப் பிரிக்கிறது. அந்தச் சுவரில் சில இடங்களில் மட்டுமே வாசல் உண்டு. அவற்றுள் ஒன்று செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாகத்தான் மழைச்சாரலைக் கொண்டுவருகிறது. தமிழகத்தின் பல மாவட்டங்கள் வறண்டு கிடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் குற்றாலம் குளிர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

காற்று வந்த வழியிலேயே மனிதர்களும் வந்தார்கள். கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் இணைத்த வணிகப்பாதை இது. செங்கோட்டை அந்தப் பாதையின் கிழக்கு வாசல். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அடுத்திருந்த தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை.

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் 8 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்தவர் வேறொரு அரசுக்குள் நுழைந்தார். அங்கே காசு வேறு. சக்கரம் என்னும் நாணயம் புழங்கியது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். 16 காசு ஒரு சக்கரம். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28 சக்கரமும் 8 காசும் கிடைக்கும். கடிதம் போடுவதற்கும் திருவிதாங்கூருக்கென்று தனியாக "அஞ்சல்" என்னும் துறை இருந்தது. ஆண்டுக் கணக்குகூடக் கொல்லம் ஆண்டுதான்.

சத்திரமும் திண்ணையும்

லாட்ஜ் என்ற சொல் வருவதற்கு முன் வழிப்போக்கர்களுக்கு இருந்தவை சத்திரம், சாவடி, மடம் ஆகியவை. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் (ஆட்சிக்காலம் 1689 முதல் 1706 வரை) சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை இன்றும் தென்மாவட்ட மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நடுவது வழக்கம்.

சத்திரத்தில் வாடகை கிடையாது. இதைக் கேட்டதும் அந்தக் காலம் பொற்காலம் என்று தோன்றலாம். ஆனால் எல்லாருக்கும் அந்தக் கதவு ஒரே மாதிரி திறக்கவில்லை. பல சத்திரங்களில் சமைத்த உணவு பிராமணர்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு வெளித்திண்ணை, தாழ்த்தப்பட்டவர்களுக்கு அந்தத் திண்ணையும் இல்லை. திருவிதாங்கூர் அரசே "ஊட்டுப்புரை" என்ற பெயரில் உணவுச் சாலைகளை நடத்தியது. அங்கே இலவசச் சாப்பாடு பிராமணப் பயணிகளுக்குத்தான். அதற்கான செலவு எல்லாக் குடிகளும் கட்டிய வரியிலிருந்து போனது.

ஆகவே "எங்கே தங்குவது?" என்ற கேள்விக்கு அன்றைய வழிப்போக்கர் தேடிய விடை, எந்த இடம் வசதியானது என்பது அல்ல. எந்த இடத்தில் தன்னை உள்ளே விடுவார்கள் என்பதே. தன் சாதிக்காரர் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புவதுதான் பாதுகாப்பான வழி.

இது நம் நாட்டில் மட்டும் இருந்த நிலை அல்ல. அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பல ஓட்டல்களில் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் எந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல, நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் தபால்காரர் 1936இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார். "கிரீன் புக்" என்று அழைக்கப்பட்ட அது முப்பது ஆண்டுகள் வரை வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையில் அப்படி ஒரு புத்தகம் இல்லை. வாய்வழிச் செய்திதான் புத்தகம்.

பங்களாவும் அரண்மனையும்

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் குற்றாலத்தின் மீது முதலில் வந்த ஆசை குளிப்பதற்கானது மட்டும் அல்ல. ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை போன்ற நறுமணப் பயிர்களை அங்கே வளர்த்துப் பார்த்தார்கள். பின்னர் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பகுதி வெள்ளை அதிகாரிகளுக்கு அது கோடைவாசமாக ஆயிற்று. பங்களாக்கள் எழுந்தன. ஜமீன்தார்களும் தங்களுக்கென்று மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள்.

திருவிதாங்கூர் மன்னர்களும் குற்றாலத்தில் ஓர் அரண்மனை கட்டினார்கள். அது அவர்கள் நாட்டுக்கு வெளியே, சென்னை மாகாணத்து மண்ணில் இருந்தது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் குற்றாலம் அரண்மனை கேரள அரசின் சொத்தாகவே தொடர்ந்தது. திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டில் இருந்த அரண்மனை கேரளத்துக்குப் போனது. வேடிக்கையான கணக்குதான்.

இவற்றில் எதிலும் சேராத ஒரு தங்குமிடமும் குற்றாலத்தில் இருந்தது. ரசிகமணி டி.கே.சி. என்று அழைக்கப்பட்ட டி.கே.சிதம்பரநாத முதலியார் (1882-1954) தம் வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜி, கல்கி போன்றோர் அங்கே வந்து தங்கிச் சென்றார்கள். அருவிக் குளியலும் கம்பராமாயணப் பேச்சும் விருந்தும் அந்த வீட்டில் ஒன்றாக நடந்தன.

வண்டியும் சாலையும்

தங்குமிடத்தைப் போலவே வண்டியும் அந்தஸ்தைக் காட்டுவதாக இருந்தது. சரக்குக்குக் கட்டைவண்டி; வசதியானவர்களுக்கு வில்வண்டி; மற்றவர்களுக்கு நடை. திருவிதாங்கூரின் பல பொதுச்சாலைகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடப்பதற்கே தடை இருந்தது. 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, திருவனந்தபுரத்துக்கு அருகே பொதுச்சாலையில் அதில் ஏறிச் சென்றார். ஒரு மனிதர் தன் வண்டியில் தெருவில் போனது அன்று போராட்டமாயிற்று. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-25இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் அதில் கலந்துகொண்டு சிறை சென்றது பலரும் அறிந்தது. செங்கோட்டை அப்போது இதே அரசின் கீழ்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இதற்கிடையே கணவாய்ச் சாலையும் வளர்ந்தது. கல்லடை ஆற்றின் மேல் புனலூரில் 1877இல் தொங்கு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு வண்டிகள் வந்துபோக அது பெரிதும் உதவியது.

ரயில் வந்தது

திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட மீட்டர்கேஜ் பாதை 1903இல் செங்கோட்டையை எட்டியது. 1904இல் மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் வரை இணைக்கப்பட்டது. சுரங்கப்பாதைகளும் கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலமும் அந்தக் காலத்து உழைப்பைக் காட்டுபவை. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கும் பாதை வந்தது. சென்னையிலிருந்து கொல்லம் போகும் மெயில் வண்டி பல ஆண்டுகள் செங்கோட்டை வழியாகவே மலை ஏறியது.

ரயில் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. டிக்கெட் வாங்கியவர் எவரும் ஏறலாம். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை ஊர் வழக்கம் தீர்மானிக்க முடியவில்லை, கூட்டம் தீர்மானித்தது. ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் பழைய வழக்கம் காத்திருந்தது. தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது நீக்கப்பட்டது.

அருவிக்கும் தடை

தங்க இடம் கிடைத்து, வண்டியும் கிடைத்து, அருவிக்குப் போய்ச் சேர்ந்தாலும் எல்லாரும் குளித்துவிட முடியாது. காந்தி 1934இல் தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் இப்பகுதிக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அருவிக்குச் செல்ல அனுமதி இல்லை என்று தெரிந்ததும் அவர் குளிக்க மறுத்துவிட்டார் என்று இப்பகுதியில் சொல்வார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீருக்கும் தடை போட்டிருந்தார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

கோயில்கள் திறந்ததிலும் எல்லை குறுக்கிட்டது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1939இல்தான் வந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள செங்கோட்டையும் குற்றாலமும் இந்த மூன்று ஆண்டுகள் இரண்டு வேறு சட்டங்களின் கீழ் இருந்தன.

சட்டமும் பேருந்தும்

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சாதி, மதம், பால் முதலியவற்றைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களாக அது கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள், கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், சாலைகள் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் சத்திரங்களையும் பொது வாகனங்களையும் சேர்த்தது. ஒரு சுற்றுலாப் பயணியின் தேவைப் பட்டியல் போலவே இருக்கிறது அல்லவா? பயணம் போகும்போது எங்கெல்லாம் மனிதர்கள் தடுக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது.

சட்டம் வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1997இல் தமிழக அரசு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு பிரிவினர் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. நெல்லையில் ஓடிய கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அப்படித்தான் போனது.

இன்று

2010இல் மலைப்பாதையின் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதைப் பணி முடிந்து 2018இல் செங்கோட்டை-கொல்லம் ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. செங்கோட்டையும் குற்றாலமும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

இன்று வருகிறவருக்கு மூன்று ஊர்கள் முன்னால் இருக்கின்றன. அருவிச் சத்தத்தோடு தூங்க வேண்டுமென்றால் குற்றாலம். ஆனால் சீசனில் அறை கிடைப்பதும் கடினம், வாடகையும் ஏறிவிடும். ரயில், பேருந்து வசதி முக்கியமென்றால் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள தென்காசி. ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறப் போகிறவர்களுக்குச் செங்கோட்டை வசதி. பேரருவியிலிருந்து ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் பேருந்தும் ஆட்டோவும் உண்டு. வெள்ளம் வந்தால் அருவிகளில் குளிக்கத் தடை போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். ஆகவே அந்தத் தடையை மதிப்பது நல்லது.

பேரருவியில் சீசன் நாளில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் யார் என்ன சாதி என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். வாடகை அதிகம், ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்கிறார், கூட்டம் தாங்கவில்லை என்று அலுத்துக்கொள்வது இயல்புதான். பணம் இல்லாதவருக்கு லாட்ஜின் கதவும் திறப்பதில்லை என்பது உண்மை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. ஆனால் அறை கேட்கும்போது சாதி கேட்கக் கூடாது என்பது இன்று சட்டம். அதை மீறி எங்காவது யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் அந்தச் சட்டத்தை நினைவூட்டும் உரிமை ஒவ்வொரு பயணிக்கும் இருக்கிறது.