மரபுவழி அயர்லாந்துக் குடியுரிமை

மரபுவழி அயர்லாந்துக் குடியுரிமை என்பது, அயர்லாந்துத் தீவுக்கு வெளியே பிறந்த ஒருவர் தம் பெற்றோர் வழியாகவோ பாட்டன், பாட்டி வழியாகவோ அயர்லாந்தின் குடியுரிமையைப் பெறும் முறையாகும். 1956ஆம் ஆண்டின் அயர்லாந்துத் தேசிய இனம் மற்றும் குடியுரிமைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இம்முறையை வரையறுக்கின்றன. அயர்லாந்தில் பிறந்த பாட்டன் அல்லது பாட்டியின் வழியில் குடியுரிமை கோருவோர், அந்நாட்டு வெளியுறவுத் துறை பேணும் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அயர்லாந்து மரபினர் அனைவரும் அயர்லாந்துக் குடியுரிமைக்கு உரியவர் என்பது பரவலாகக் காணப்படும் தவறான கருத்தாகும். ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்குப் பின்னர் குருதி உறவு மட்டும் போதாது. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறை பிறப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால்தான் உரிமை தொடரும்.

பின்னணி

அயர்லாந்து நெடுங்காலமாக மக்கள் வெளியேறும் நாடாக இருந்து வந்தது. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அத்தீவின் மக்கள் தொகை சுமார் 82 இலட்சம் ஆகும். 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய கருகல் நோயே பஞ்சத்தின் உடனடிக் காரணமாகும். வெளியேறியோர் பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பெருமளவில் குடியேறினர். நியூசிலாந்து, அர்ஜென்டினா முதலிய நாடுகளிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் உள்ளனர். பஞ்சம் முடிந்த பின்னும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இவ்வெளியேற்றம் தொடர்ந்தது.

1998இல் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையின் விளைவாக 1999இல் மாற்றி எழுதப்பட்ட அயர்லாந்து அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்பு, வெளிநாடுகளில் வாழும் அயர்லாந்து மரபினருடன் அந்நாட்டுக்குள்ள சிறப்பு உறவைப் போற்றுகிறது. எனினும் இவ்வுறவு தானாகவே குடியுரிமையாகி விடுவதில்லை. அதன் எல்லையைச் சட்டமே வகுக்கிறது.

தலைமுறை வாரியான விதிகள்

அயர்லாந்துத் தீவில் பிறந்த முன்னோரிலிருந்து எண்ணத் தொடங்கினால் விதிகள் பின்வருமாறு அமைகின்றன. இங்கு 'அயர்லாந்துத் தீவு' என்பது அயர்லாந்துக் குடியரசையும், ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தையும் ஒருங்கே குறிக்கும். ஆகவே பெல்பாஸ்ட் நகரில் பிறந்த பாட்டி வழியாகவும் ஒருவர் உரிமை கோரலாம்.

1. தீவில் பிறந்தவர்: 2005க்கு முன் தீவில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, குடியுரிமைக்கு உரியவர்கள். 2004ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று நடைபெற்ற பொது வாக்கெடுப்பைத் தொடர்ந்து இவ்விதி மாற்றப்பட்டது. ஜனவரி 1, 2005 முதல், வெளிநாட்டுப் பெற்றோருக்குத் தீவில் பிறக்கும் குழந்தையின் உரிமை, பெற்றோர் அங்கு வசித்த காலத்தையும் பொறுத்ததாகும்.

2. தீவில் பிறந்த குடிமகனின் பிள்ளை: உலகின் எப்பகுதியில் பிறந்திருந்தாலும் இவர் தானாகவே அயர்லாந்துக் குடிமகன் ஆவார். பதிவு எதுவும் தேவையில்லை. நேரடியாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

3. பெயரன், பெயர்த்தி: இவர்கள் தானாகக் குடிமக்கள் ஆவதில்லை. வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பதிவு செய்துகொண்டால் குடிமக்கள் ஆகலாம். இதற்கு வயது வரம்பு இல்லை. இடைத் தலைமுறையில் உள்ள தந்தையோ தாயோ அயர்லாந்துக் கடவுச்சீட்டை ஒருபோதும் பெறாதிருந்தாலும், இறந்து போயிருந்தாலும் இவ்வுரிமை பாதிக்கப்படாது.

4. அதற்கடுத்த தலைமுறை: பூட்டன் அல்லது பூட்டி மட்டுமே தீவில் பிறந்தவராக இருப்பின், உரிமை கோருபவர் பிறப்பதற்கு முன்பே அவருடைய தந்தையோ தாயோ பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாதிருந்தால் சங்கிலி அறுந்து விடுகிறது. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் பிறந்தோருக்குச் சில இடைக்கால விதிகள் உண்டு.

ஓட்டன் முதலிய மேலும் முந்தைய முன்னோர்க்கும் இதே விதி பொருந்தும். இடையிலுள்ள தலைமுறைகள் உரிய காலத்தில் பதிவு செய்திருந்தால் உரிமை எத்தனை தலைமுறைக்கும் தொடரலாம். ஆனால் பெரும் பஞ்ச காலத்தில் வெளியேறியவர்களின் இன்றைய வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் இவ்விதியால் உரிமை அற்றவர்களே. பஞ்சம் நேர்ந்தபோது இத்தகைய பதிவேடும் இல்லை, அயர்லாந்து தனி நாடாகவும் இல்லை.

எடுத்துக்காட்டு

1905இல் கார்க் நகரில் பிறந்த ஒரு பெண் அமெரிக்காவில் குடியேறினார் எனக் கொள்வோம். 1935இல் பாஸ்டனில் பிறந்த அவருடைய மகன் தானாகவே அயர்லாந்துக் குடிமகன் ஆவார். மகனுக்கு 1965இல் பிறந்த மகள், அதாவது அப்பெண்ணின் பெயர்த்தி, பதிவு செய்துகொள்ளும் உரிமை உடையவர். இப்பெயர்த்தி 1995ஆம் ஆண்டில் பதிவு செய்தார். அவருக்கு 1992இல் ஒரு குழந்தையும் 1998இல் ஒரு குழந்தையும் பிறந்தன.

1998இல் பிறந்த குழந்தை பிறந்தபோது தாய் அயர்லாந்துக் குடிமகள். எனவே அக்குழந்தை பதிவுக்கு உரியது. 1992இல் பிறந்த குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை, ஏனெனில் அது பிறந்தபோது தாய் இன்னும் குடிமகள் ஆகவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் ஒரே பூட்டியின் வழித்தோன்றல்களாக இருந்தும், மூன்றாண்டுக் காலத் தாமதத்தால் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவும் மற்றவர் அயலாராகவும் ஆகின்றனர். இளைய பிள்ளையும் தமக்குக் குழந்தை பிறக்கும் முன்பே பதிவு செய்தால்தான் உரிமை அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.

சட்ட வரலாறு

1922இல் அமைந்த அயர்லாந்து சுதந்திர நாட்டின் அரசியலமைப்பு, டிசம்பர் 6, 1922 அன்று நாட்டின் ஆட்சி எல்லைக்குள் நிலையாக வாழ்ந்தவர்களில், தாமோ தம் பெற்றோரில் ஒருவரோ அயர்லாந்தில் பிறந்திருந்தாலும், ஏழு ஆண்டுகள் அங்கு வசித்திருந்தாலும் அவர்களைக் குடிமக்கள் என்றது. ஆனால் அதன் பின் வெளிநாட்டில் பிறப்போர் குறித்து அது ஒன்றும் கூறவில்லை. இக்குறையை நீக்க 1935இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியாகவே குடியுரிமை கிட்டியது. அப்போது அரசின் தலைவராக இருந்த ஏமன் டி வலேரா 1882இல் நியூயார்க்கில் பிறந்தவர் என்பதும், அவருக்கு அயர்லாந்துடனான மரபுத் தொடர்பு தாய் வழியாகவே இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கன.

ஜூலை 17, 1956 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், தாய் வழிக்கும் தந்தை வழிக்கும் சம உரிமை அளித்தது. அதன்படி பதிவு செய்தவர் பிறப்பு முதலே குடிமகனாகக் கருதப்பட்டார். ஆகவே ஒருவர் எப்போது பதிவு செய்தாலும் முன்பே பிறந்திருந்த அவருடைய பிள்ளைகளும் பயன் பெற முடிந்தது. இதனால் உரிமை எல்லையின்றி நீளக்கூடிய நிலை இருந்தது.

1986ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. பதிவு செய்த நாளிலிருந்தே குடியுரிமை தொடங்கும் என அச்சட்டம் வகுத்தது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் மூத்த பிள்ளை உரிமை இழந்தது இத்திருத்தத்தினாலேயே ஆகும்.

விண்ணப்பிக்கும் முறை

விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்சிட்டு, ஒப்பமிட்டு, மூல ஆவணங்களுடன் அஞ்சலில் அனுப்ப வேண்டும். உறவினர் அல்லாதவரும், விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவரும், ஏற்கப்பட்ட தொழில்களில் ஒன்றைச் செய்பவருமான ஒருவர் சாட்சியாக ஒப்பமிட வேண்டும். பாட்டன் அல்லது பாட்டி வழியில் விண்ணப்பிப்போர்க்குப் பொதுவாகத் தேவைப்படும் ஆவணங்கள் வருமாறு:

- பாட்டன் அல்லது பாட்டியின் அயர்லாந்துப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள ஆவணத்தின் சான்றளிக்கப்பட்ட படி அல்லது இறப்புச் சான்றிதழ்
- அவ்வழியில் வரும் தந்தை அல்லது தாயின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், அடையாள ஆவணத்தின் படி அல்லது இறப்புச் சான்றிதழ்
- விண்ணப்பதாரரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணத்தின் படி, முகவரிச் சான்றுகள், ஒளிப்படங்கள்

திருமணத்தால் பெயர் மாறியிருக்கும் என்பதால் திருமணச் சான்றிதழ்கள் இன்றியமையாதவை. ஒரு தலைமுறையின் சான்றிதழில் உள்ள பெயர் அடுத்ததில் உள்ள பெயருடன் பொருந்தினால்தான் தொடர்பு நிறுவப்படும். 2024ஆம் ஆண்டு நிலவரப்படி அஞ்சல் செலவு உட்பட வயது வந்தோருக்கு 278 யூரோவும், 18 வயதுக்குட்பட்டோருக்கு 153 யூரோவும் கட்டணமாகப் பெறப்பட்டன.

2016இல் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்த பின், பிரித்தானியாவிலிருந்து வரும் விண்ணப்பங்கள் பெருகின. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட பதிவுப் பணி 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியது. தேங்கிய விண்ணப்பங்களால் பலர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. விண்ணப்பித்த நாள் அன்றி, பதிவு செய்யப்பட்ட நாளே கணக்கில் கொள்ளப்படும். எனவே பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியுள்ள விண்ணப்பதாரர் தம் விண்ணப்பத்தை விரைந்து பரிசீலிக்குமாறு வேண்டிக்கொள்ள வழிவகை செய்யப்பட்டுள்ளது.

பழைய ஆவணங்களைத் தேடுதல்

அயர்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றின் பொதுப் பதிவு 1864இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்கள் மட்டும் 1845 முதலே பதிவாயின. 1922இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பு ஏடுகள் பலவும் திருச்சபைப் பதிவேடுகள் பலவும் எரிந்தன. இதனால் முன்னோரின் பிறப்புச் சான்றும் கிடைக்காது என்று பலர் எண்ணுவதுண்டு. இது சரியன்று. பிறப்புப் பதிவேடுகள் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் தனியே இருந்தமையால் தப்பின. நூறாண்டுக்கு முற்பட்ட பிறப்புப் பதிவுகளை அரசின் மரபுவழி ஆய்வு இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1901, 1911 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பு ஏடுகளும் இணையத்தில் உள்ளன.

பெயர் வேறுபாடு தேடலில் பெரும் சிக்கலாகும். 'ஓ', 'மக்' முதலிய முன்னொட்டுகளைச் சிலர் விட்டனர். சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டனர். எனவே சலிவன் என்ற பெயரைத் தேடுவோர் ஓ சலிவன் என்ற பெயரிலும் தேட வேண்டும்.

உரிமைகளும் வரம்புகளும்

பதிவு செய்தவருக்குச் சான்றிதழ் வழங்கப்படும். அதைக் கொண்டு கடவுச்சீட்டுப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கவும் பணியாற்றவும் அவருக்கு உரிமை உண்டு. பொதுப் பயண வலய ஏற்பாட்டின்படி ஐக்கிய இராச்சியத்திலும் வசிக்கலாம், பணியாற்றலாம். எனினும் அயர்லாந்தின் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் வாக்களிக்கப் பொதுவாக அங்கு வசிக்க வேண்டும்.

அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆயினும் விண்ணப்பதாரரின் சொந்த நாட்டுச் சட்டத்தையும் கருத வேண்டும். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, தாமே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். அயர்லாந்து முன்னோர் வழிவந்த ஆங்கிலோ இந்தியர்கள் இதனைக் கவனத்தில் கொள்ளுதல் நலம்.

சங்கிலி அறுந்துபோனவர்களுக்கு மற்றொரு வழியும் உள்ளது. அயர்லாந்து மரபு அல்லது தொடர்பு உடையோருக்கு, வழக்கமான வசிப்பிட நிபந்தனைகளைத் தளர்த்திக் குடியுரிமை வழங்க நீதித்துறை அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. இது முற்றிலும் அமைச்சரின் விருப்புரிமையே அன்றி, விண்ணப்பதாரரின் உரிமை அன்று. குடியுரிமை பெற இயலாத மரபினருக்காக 2011இல் 'அயர்லாந்து மரபுச் சான்றிதழ்' என்ற ஒன்று அறிமுகம் செய்யப்பட்டது. அது எந்தச் சட்ட உரிமையையும் அளிக்கவில்லை. போதிய வரவேற்பு இன்றி 2015இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இத்தாலி நெடுங்காலம் தலைமுறை வரம்பின்றி மரபுவழிக் குடியுரிமை அளித்து வந்தது. 2025இல் அந்நாடு அவ்வுரிமையைப் பெரும்பாலும் பெற்றோர், பாட்டன், பாட்டி என்ற அளவில் சுருக்கியது. இந்தியச் சட்டப்படி, டிசம்பர் 3, 2004 முதல் வெளிநாட்டில் இந்தியக் குடிமக்களுக்குப் பிறக்கும் குழந்தை, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும்; அதன் பின்னர் பதிவு செய்ய நடுவண் அரசின் அனுமதி தேவை.

இவற்றையும் பார்க்க

- அயர்லாந்துக் குடியரசு
- அயர்லாந்தின் பெரும் பஞ்சம்
- பெரிய வெள்ளி உடன்படிக்கை
- இந்தியக் குடியுரிமை
- இரட்டைக் குடியுரிமை

பகுப்புகள்: குடியுரிமை | அயர்லாந்து | புலம்பெயர்வு