உபரி எனப்படுவது யாது? கடலூர், சிதம்பரம் நகரங்களில் நிலத்தை வகைமாற்றும் அதிகாரத்தின் வரலாறு

முன்னுரை

நகரமன்றக் கூட்டப் பொருள்நிரலில் நிலம் பற்றிய தீர்மானங்கள் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. குறிப்பிட்ட சர்வே எண்ணில் உள்ள புறம்போக்கு நகரத்தின் வேறெந்தப் பயன்பாட்டுக்கும் தேவைப்படாதது, ஆகவே அதை வகைமாற்றம் செய்து ஒப்படைப்பதில் மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பது அத்தீர்மானங்களின் சாரம். ஒரு நிலம் தேவைப்படாதது என்பதை யார், எந்தச் சட்டத்தின் பேரால் சொல்கிறார் என்னும் வினாவுக்கு விடை காண முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணங்களுக்குள் செல்ல வேண்டியுள்ளது. கடலூரும் சிதம்பரமும் ஒரே மாவட்டத்தில், ஒரே கடற்கரைச் சமவெளியில் அமைந்தவை. நகராட்சி பெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் உபரி என்ற சொல் இவ்விரு நகரங்களிலும் வெவ்வேறு பொருளில் வழங்கி வந்துள்ளது. அந்த வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

குண்டு வரைந்த எல்லை

கடலூரின் நில வரலாற்றில் முதன்மையானது 1690ஆம் ஆண்டு நிகழ்ந்த விற்பனை. தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டிய அரசர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்குப் பெற்றது. அப்போது சென்னையில் எலிகு யேல் ஆளுநர். கோட்டையோடு அதைச் சுற்றிய நிலமும் விற்பனையில் அடங்கியது; அதன் பரப்பை அளக்க அளவுகோலோ சங்கிலியோ பயன்படவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு செல்லுமோ அதற்குட்பட்ட நிலம் முழுவதும் கம்பெனிக்கு உரியது என்பதே ஒப்பந்தம். இதற்கெனச் சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்று தேர்ந்த பீரங்கியாளரோடு அனுப்பப்பட்டது. 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டு எல்லை வகுக்கப்பட்டது. கடலூர் நகரமும் அதனுள் அடங்கிற்று. அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் பிற்கால ஆவணங்களில் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் நகரத்துக் குண்டு சாலையும் இன்றும் வழக்கில் உள்ளன.

இச்செய்தியை வேடிக்கையான துணுக்காகவே பலரும் எடுத்தாள்கின்றனர். நில உரிமை வரலாற்று நோக்கில் இது வேடிக்கையன்று. பீரங்கியை எவ்வளவு திறமையாகச் சுடுகின்றனரோ அவ்வளவுக்கு வாங்குபவரின் பங்கு பெருகும் ஏற்பாட்டில், குண்டு விழுந்த ஊர்களில் உழுதவரும் குடியிருந்தவரும் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. நிலத்தின் எல்லையை அந்நிலத்தில் இல்லாதவர் வரைந்து, பின்னர் அது ஆவணமாக நிலைபெறுவது கடலூரில் இதோடு முடியவில்லை.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபின் 1752 வரை புனித டேவிட் கோட்டையே சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கிற்று. 1758இல் லாலி அதைக் கைப்பற்றி இடித்தார். கர்நாடகப் பகுதி 1801இல் கம்பெனி ஆட்சிக்குள் வந்தபோது தென்னார்க்காடு மாவட்டம் உருவாகி, கடலூர் அதன் தலைநகராயிற்று. ஆட்சியரின் இருப்பிடம், நீதிமன்றங்கள், திறந்தவெளி மைதானம் ஆகியவை மஞ்சக்குப்பத்தில் அமைந்தன. நகரின் மையத்தில் பெரும்பரப்பு அரசின் கையில் இருந்ததற்கு வேர் இந்தக் கம்பெனிக் காலத்தில் உள்ளது.

ஆணையர்கள் ஆண்ட நகரங்கள்

சென்னை மாகாணத்தின் 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் கடலூர் 1866இல் நகராட்சியாயிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் சிதம்பரம் 1873இல் அந்நிலை பெற்றது. அந்நாளில் நகரை நிருவகித்தவர்களுக்கு முனிசிபல் கமிஷனர்கள் என்று பெயர்; அதாவது ஆணையர் என்பது அப்போது ஒரு குழுவின் உறுப்பினரைக் குறித்தது. 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் அவர்களைக் கவுன்சிலர்கள் என்றாக்கிற்று. கமிஷனர் என்ற சொல் 1930களில் மீண்டும் வந்தபோது அது அரசு நியமிக்கும் தனியொரு நிருவாக அலுவலரைக் குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களைப் படிக்கும் ஆய்வாளர் இவ்விரு பொருளையும் மயங்கிக்கொண்டால், குழு எடுத்த முடிவை அலுவலர் எடுத்ததாகக் கொள்ளும் பிழை நேரும்.

இரு நகரங்களின் நில அமைப்பும் ஒத்ததன்று. கடலூர் நகராட்சி முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் என இடையிடையே வயலும் ஆறும் கிடக்கும் ஊர்த்தொகுதி. கெடிலம் ஆறு அதை ஊடறுத்துச் செல்கிறது. எல்லைக்குள் காலி நிலம் மிகுதி; அதில் அரசுக்குரியதும் மிகுதி. சிதம்பரமோ நடராசர் கோயிலை நடுவாகக் கொண்டு நான்கு தேர் வீதிகளைச் சுற்றி நெருக்கமாக எழுந்த ஊர். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபின் சுற்றுப்புற நஞ்சையின் மதிப்பு உயர்ந்தது. அவற்றில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் மிராசுதார்களுக்கும் உரியவை பல. நகராட்சியின் கைக்கெட்டியவை வீதிகள், குளங்கள், ஓடைகள், வாய்க்கால் கரைகள் ஆகியனவே. ஆகவே சிதம்பரத்தில் நிலம் தேவைப்பட்டபோதெல்லாம் பார்வை நீர்நிலைகளின் பக்கம் திரும்பியது இயல்பே. ஓமக்குளமும் தில்லையம்மன் ஓடையும் இந்நோக்கில் படிக்கப்பட வேண்டியவை.

நிலம் யாருடையது என்பதில் சட்டமே இரு குரலில் பேசிற்று. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் (1905இன் 3ஆம் சட்டம்) பொதுச்சாலைகளும் தெருக்களும் நீர்நிலைகளும், பிறருக்குரியவை என நிறுவப்படாத நிலங்களும் அரசின் சொத்து என்று அறிவித்தது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 61ஆம் பிரிவோ பொதுத்தெருக்கள் நகரமன்றத்தைச் சார்ந்தவை என்றது. நடைமுறையில் மன்றத்துக்குக் கிட்டியது பராமரிப்புப் பொறுப்பு. உடைமையும் வகைப்பாடும் வருவாய்த்துறையிடம் நின்றன. தரிசு ஒப்படைக்கு வருவாய் வாரிய நிலையாணை 15, வீட்டுமனைக்கு 21, உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் நிலமாற்றம் செய்ய 24 என மூன்று ஆணைகளும் வெவ்வேறு வாயில்களைத் திறந்தன. வட்டாட்சியர் அறிக்கை தருவார், ஏ1 விளம்பரம் வெளியாகும், உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் கோப்பில் சேரும். ஆணை மேலிருந்து வரும். இம்முறையில் மன்றத் தீர்மானம் முடிவாக அமைவதில்லை. ஆனால் பின்னாளில் வழக்கு எழும்போது உள்ளூர் மக்களின் இசைவுக்குச் சான்றாக அதுவே காட்டப்படுகிறது. உள்ளாட்சி வரலாற்றை எழுதியோர் தேர்தல், வரி, குடிநீர் ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை இக்கோப்புகளுக்கு அளிக்காதது பெருங்குறை.

உபரியின் சட்டப்பொருள்

உபரி நிலம் என்ற தொடர் தமிழ்நாட்டில் பரவலான வழக்குக்கு வந்தது 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்த (உச்சவரம்பு நிர்ணய)ச் சட்டத்தால். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970இல் 15 தரநிலை ஏக்கராகக் குறைக்கப்பட்டது. வரம்புக்கு மேற்பட்டது உபரி. அது அரசால் எடுக்கப்பட்டு 1965ஆம் ஆண்டு விதிகளின்படி நிலமற்றோர் முதலியோருக்கு வழங்கப்படும். சிதம்பரம் வட்டாரத்துக்கு இச்சட்டம் நேரடிப் பொருளுடையதாயினும் அதன் விலக்குகளே அங்கு மிகுதியாகப் பேசப்பட்டன. பொதுச் சமய அறக்கட்டளைகளுக்கு வரம்பு இல்லை. பல்கலைக்கழகங்களின் நிலத்துக்கும் விலக்கு உண்டு. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம் சிதம்பரம் நகராட்சிக்கு வெளியே அண்ணாமலைநகர் என்னும் தனிப் பேரூராக வளர்ந்ததையும் சேர்த்து எண்ணினால், சிதம்பரத்தைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு பகுதி நகரமன்றத்தின் பார்வைக்கும், மற்றொரு பகுதி உச்சவரம்புச் சட்டத்தின் பார்வைக்கும் அப்பாற்பட்டதாக இருந்தமை புலப்படும்.

நகர்ப்புற நிலத்துக்கென 1978இல் இயற்றப்பட்ட உச்சவரம்புச் சட்டம் சென்னை, மதுரை, கோவை போன்ற பெருநகரத் தொகுதிகளுக்கே பொருந்தியது. 1999இல் அதுவும் நீக்கப்பட்டது. கடலூரும் சிதம்பரமும் அதன் வரம்புக்குள் வரவில்லை. இந்நகரங்களில் வயல் உபரியாகலாம், மனை உபரியாக முடியாது. வயலை மனையாக மாற்றிக்கொள்வது வரம்பிலிருந்து தப்பும் வழிகளுள் ஒன்றாக அமைந்ததற்கு இவ்விடைவெளி இடந்தந்தது என்று கொள்வதில் தவறில்லை. தொழில், வணிக நிறுவனங்கள் வரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அரசு அனுமதி அளிக்கும் பிரிவுகளும் அதே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன.

வரைபடமும் வகைமாற்றமும்

நகரமைப்புக்கென இந்தியாவில் எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் ஒன்று. பாட்ரிக் கெடிஸ் 1914-15இல் மாகாண நகரங்களைச் சுற்றி எழுதிய அறிக்கைகளும் லாங்செஸ்டரின் பணியும் அதற்கு முன்னுரையாக அமைந்தன. இப்போது நடப்பிலுள்ளது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பயன்பாடு வகுக்கப்படுகிறது. அதை மாற்ற விரும்புவோர் விண்ணப்பிக்க, உள்ளூர்த் திட்டக் குழுமமும் இயக்ககமும் பரிசீலித்தபின் அரசு ஆணையிடுகிறது. மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதப்பட வேண்டும். பூங்காவெனக் கோடிட்ட இடம் பின்னர் உபரி என்ற பெயரில் மனையாகும் வழக்குகள் மாநிலமெங்கும் நீதிமன்றங்களைச் சென்றடைந்துள்ளன.

இச்சட்டத்தின் 38ஆம் பிரிவு தனிக் கவனத்துக்குரியது. பொதுப்பயனுக்கு ஒதுக்கப்பட்ட தனியார் நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அவ்வொதுக்கீட்டிலிருந்து அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். நில உடைமையாளரை முடிவில்லாக் காத்திருப்பிலிருந்து காப்பது இதன் நோக்கம், நியாயமானதே. ஆனால் நிதியற்ற நகராட்சிக்கு இது மறைமுகத் தோல்வி. வரைபடத்தில் பள்ளியும் பூங்காவும் இருக்கும், வாங்கப் பணம் இராது, மூன்றாண்டு கழியும். யாரும் தீர்மானம் நிறைவேற்றாமலேயே ஒரு வளர்ச்சி மாற்றம் நிகழ்ந்துவிடும். மன்ற நடவடிக்கைக் குறிப்புகளை மட்டும் நம்பும் ஆய்வுக்கு இத்தகைய மாற்றங்கள் புலப்படுவதில்லை.

திட்டப்பகுதிக்கு வெளியே நெடுங்காலம் இத்தகைய ஒழுங்கு வலுவின்றியே இருந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடைவிதித்தபின்னரே 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளும், திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான விதிகளும் வந்தன. நஞ்சையாயின் மாவட்ட ஆட்சியரும் வேளாண்மைத் துறையும் கருத்துரைக்க வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகள் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தப்படலாயின. ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டதைச் சட்டம் பின்தொடர்ந்து சென்று ஒப்புக்கொண்டது.

2017 முதல் 2020 வரை

திட்ட அதிகாரத்தின் வீச்சு மிகத் தெளிவாக வெளிப்பட்டது 2017 ஜூலையில். கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 கிராமங்களில் ஏறத்தாழ 23,000 எக்டேர் பரப்பைப் பெட்ரோலியம், ரசாயனம், பெட்ரோரசாயன முதலீட்டு மண்டலத்துக்கெனத் தமிழ்நாடு அரசு அறிவிக்கை செய்தது. நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பன்று அது. திட்டப்பகுதி எனப் பெயரிடும் அறிவிப்பு. எனினும் கடலூரின் தெற்கே 1980களிலிருந்து சிப்காட் ரசாயன ஆலைகளின் அருகே வாழ்ந்த குடிகாடு, பச்சையாங்குப்பம் போன்ற ஊர்களின் பட்டறிவு மக்கள் முன் இருந்தது. விவசாயிகளும் மீனவரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரியில் அவ்வறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அதே மாதத்தில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதற்குள் அடங்கின. இவை சிதம்பரத்தைச் சூழ்ந்தவை. கடலூர் நகரைச் சூழ்ந்த ஒன்றியம் அதில் இல்லை. உருக்காலைகள், தோல் பதனிடல், எண்ணெய், இயற்கை எரிவாயு அகழ்வு முதலியவை அம்மண்டலத்தில் தடைசெய்யப்பட்டன. நடப்பிலிருந்த திட்டங்களும் துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்ற கட்டமைப்புகளும் தடைக்கு வெளியே வைக்கப்பட்டன. மண்டலத்தை மேற்பார்வையிடும் அதிகார அமைப்புக்கு முதலமைச்சர் தலைவர். நிலத்தைக் காக்கும் முடிவும் மாற்றும் முடிவும் ஒரே உயரத்திலிருந்து வந்தமை கவனிக்கத்தக்கது. வீட்டுமனைப் பெருக்கத்தை இச்சட்டத்தின் தடைப்பட்டியல் தொடவில்லை. ஆகவே சிதம்பரத்தின் புறவெளியில் நஞ்சை குறைவதற்கு அது முழு அரணாகாது.

கடலூர் 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தபின் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முடிந்தது. இந்நிலையில் ஆய்வுக்குரிய களம் நகரத்தின் விளிம்பாகும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டுத்தாவணி, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குசெய்யும் உரிமையைக் கிராம ஊராட்சிக்கு அளிக்கிறது. ஓர் ஊராட்சி நகர எல்லைக்குள் இணைக்கப்படும் நாளில் இவ்வுரிமை அற்றுப்போகிறது. மாடுகள் அங்கு மேய்ந்துகொண்டுதான் இருக்கும். கதிர் அடிக்கும் களத்தில் அடுத்த அறுவடையும் நடக்கும். கணக்குப் பதிவேட்டில் மட்டும் அவை பயன்பாடற்ற அரசு நிலமாக வரிசைமாறும். கடலூரைச் சூழ்ந்த குண்டு கிராமங்களின் களங்களும் மேய்க்கால்களும் இப்பதிவேடுகளில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்பதை அ-பதிவேடு, அடங்கல், நகர நில அளவைப் பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஊர் ஊராகக் காண்பதே அடுத்து செய்யத்தக்க பணி.