கையெழுத்து வேண்டாம்

குமராட்சியில் வைக்கோற்போர் ஒன்று எரிந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி. விசாரணைக்கு வந்த அதிகாரி நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பேனாவை எடுத்தேன். "கையெழுத்து வேண்டாம், ஸார்" என்று தடுத்துவிட்டார். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது சற்றே அவமானந்தான்!

சிதம்பரத்து வக்கீல் நண்பர் சிரித்துவிட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார்.

1937 மார்ச் 23. பூரி ஸ்டேஷனில், மூன்றாம் வகுப்பு வண்டியில் கேட்பாரற்றுக் கிடந்தது ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஏழு துண்டுகளாக ஒரு மனிதன் உடல். பிட்டாபுரத்துக்காரர், கொடுத்த கடனை வாங்கிவர பெர்ஹாம்பூருக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிப் புறப்பட்டவர். 'அவர் என் வீட்டுக்கு வந்தார், தங்கினார், போய்விட்டார்' என்று பகாலா நாராயண சுவாமி போலீஸாரிடம் சொல்லியிருந்தார். 1939-ல் லண்டன் பிரிவி கௌன்ஸிலில் லார்ட் அட்கின் என்ன செய்தார் தெரியுமா? விதவையின் வாய்மொழியை ஏற்றார். போலீஸாரிடம் சொன்னதை 162-வது பிரிவின்படி ஒதுக்கினார். ஆனாலும் அப்பீல் தள்ளுபடிதான்.

2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து அந்தப் பிரிவு 181 ஆயிற்று. கையெழுத்து மட்டும் இன்னும் கூடாது. சாட்சி கோர்ட்டில் மாற்றிச் சொன்னால், அதை எடுத்துக்காட்டத்தான் அந்தக் காகிதம் உதவும்.

எனக்கே உதவிற்று. "நாலு பேர் ஓடினார்கள்" என்றேன் கூண்டில் நின்று. எதிர்த்தரப்பு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

"அன்றைக்கு மூன்று பேர் என்றுதானே சொன்னீர்கள்?"

மூன்றுதான். மாதக்கணக்கில் டீக்கடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குள் நாலாகியிருந்தது. அந்த நாலாவது ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.