பேப்பரில் பெயர் வந்த பிள்ளைகள்

நம் நாட்டில் தமிழ் வளர்ந்த வரலாற்றைப் பேசும்போது பெரிய பெயர்களையே முதலில் சொல்கிறோம். பத்திரிகை நடத்தியவர்கள், சங்கம் கண்டவர்கள், மாநாடு கூட்டியவர்கள் என்று பட்டியல் நீளும். அது முறைதான். ஆனால் அந்தப் பட்டியலில் எப்போதும் விடுபட்டுப் போகிற ஒரு கூட்டம் உண்டு. தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, சொந்தமாக நாலு வரி எழுதி, பத்திரிகைக்குத் தபாலில் போட்ட பிள்ளைகளே அந்தக் கூட்டம். பரிசளிப்பு விழா காணும் இந்த நன்னாளில் அவர்களைப் பற்றிச் சில செய்திகளை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

பள்ளி இருந்தது, எழுத இடம் இல்லை

பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. எப்படிப்பட்ட பள்ளி? பல இடங்களில் அது லயத்தின் ஒரு கோடி அறை. சில இடங்களில் வெறும் கொட்டகை. எழுத்துத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் சொல்லுவார். பால்மரம் வெட்டப் போகிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும் என்பது அன்றைய துரைமார்களின் எண்ணம். பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதினார்கள். வாத்தியார் சொல்வதைத் திருப்பிச் சொன்னார்கள். தன் மனத்தில் உள்ளதைத் தன் சொல்லில் எழுது என்று அவர்களிடம் கேட்க ஆள் இல்லை.

பெரியவர்களுக்கே வாய் திறக்க உரிமை இல்லாத காலம் அது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தத்தை நம் தாத்தா பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் உண்டு. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது தொழிலாளர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. சம்பளம், மருத்துவ வசதி ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன், கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். அவ்வாண்டு மே மாதம் அவர் கைதாகி, பிறகு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்களும் போயின. பிள்ளைக்குப் படிப்பும் வாய்க்குப் பேச்சும் ஒரே பட்டியலில் இடம் பெற்றிருந்ததை நாம் மறக்கலாகாது. கூலியை மட்டும் கேட்டு அவர்கள் நிற்கவில்லை.

கோலாலம்பூரில் ஒரு கதை வகுப்பு

‘தமிழ் நேசன்’ 1924-இல் நரசிம்ம ஐயங்காரால் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ கண்டார். இரண்டும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருவர் வாங்க, பத்துப் பேர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர் உரக்கப் படித்துக் காட்டினார். ஆனாலும் தொடக்க காலத்தில் அந்தத் தாள்களில் எழுதியவர்களில் மிகப் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்களே. நம் தோட்டத்துப் பிள்ளை படிக்கிறவனாக இருந்தானே தவிர எழுதுகிறவனாக இல்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளில் அந்த நிலை மாறத் தொடங்கியது. 1950-ஆம் ஆண்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் ‘தமிழ் நேசன்’ வழியாகக் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினார்கள். அதற்குக் கட்டடம் இல்லை, மேசை நாற்காலி இல்லை. பத்திரிகைத் தாளே வகுப்பறை. கதை எப்படி எழுதுவது என்று அதில் பாடம் வந்தது. வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள். நம் நாட்டு மண்ணையும் நம் நாட்டு மனிதர்களையும் எழுதும் ஒரு தலைமுறைக்கு அந்த வகுப்பு அடிகோலியது என்று மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அதே 1950-களில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமியும் இங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசினார்.

மாணவர் மணிமன்றம்

கதை வகுப்பு பெரியவர்களுக்கு என்றால், பிள்ளைகளுக்கு என்றே வந்தது ‘மாணவர் மணிமன்றம்’. 1950-களின் முற்பகுதியில் ‘தமிழ் முரசு’ நாளிதழில் சாரங்கபாணி தொடங்கிய மாணவர் பகுதி இது. தமிழர் திருநாள் விழாவை 1952-இல் அவர் தொடங்கியபோதே பேச்சு, எழுத்து என்று இளையோருக்குப் போட்டிகள் நடத்தும் வழக்கம் வேரூன்றியது. மணிமன்றம் அதற்கு ஒரு நிலையான வீடாக அமைந்தது. கவிதை, கதை, கட்டுரை என்று மாணவர்கள் எழுதியவை மாணவர் பெயரிலேயே அச்சில் வந்தன.

பெயர் அச்சில் வருவது என்றால் அன்றைக்கு என்ன பொருள்? நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு மனிதனின் பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல் புத்தகம். காலையில் பிரட்டுக்களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். வந்தானா வரவில்லையா என்று குறிப்பார்கள். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் பெயர், ஊர்ப்பெயரோடு, அது சொந்தமாக எழுதிய கவிதைக்கு மேலே அச்சில் வந்தது. “அடேய், நம்ம புள்ள பேரு பேப்பர்ல வந்திருக்குடா” என்று லயமே கூடிப் பார்த்தால் அதில் வியப்பென்ன? வெட்டி வைத்த அந்தத் துண்டுத் தாளைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு அதில் இருந்த ஒரு எழுத்தையும் படிக்கத் தெரியாது.

இன்னொரு பெரிய பயனும் இருந்தது. அக்காலத்துத் தோட்டப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குக் கூட வராமல் நின்றவர்களும் உண்டு. அடுத்த நாளே உளியும் வாளியுமாக வெளிக்காட்டுக்குப் போனார்கள். பள்ளி அவர்களை விட்டுவிட்டது. பத்திரிகை விடவில்லை. எழுத எழுதச் சொல் திருந்தியது. மற்றவன் எழுதியதைப் படிக்கப் படிக்க அறிவு விரிந்தது. கிள்ளானில் இருந்தவன் ஜொகூரில் இருந்தவனின் கவிதையைப் படித்தான், “இவனும் நம்மைப் போல ஒருத்தன்தானே, இவனால முடியும்னா நம்மால முடியாதா?” என்று தானும் பேனாவை எடுத்தான். ஆசிரியர் கொடுக்கும் மதிப்பெண்ணைவிட, தன் வயதுப் பிள்ளை ஒன்று எங்கோ உட்கார்ந்து தன்னைப் படிக்கிறது என்ற நினைப்பு அவனை நன்றாக எழுத வைத்தது.

இந்த உண்மையை வேறு ஒரு நாட்டில் வேறு ஒருவரும் கண்டார். பிரான்ஸ் நாட்டுக் கிராமப் பள்ளி ஆசிரியர் செலெஸ்தான் ஃபிரெனே, ‘தமிழ் நேசன்’ பிறந்த அதே 1924-இல், தம் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் தங்கள் சொல்லில் எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அடித்த தாள்களைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பி, அந்தப் பிள்ளைகள் எழுதியதை வாங்கிப் படித்தார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அச்சு இயந்திரம் கிடைக்கவில்லை. ஒரு தபால்தலையை வைத்தே அவர்கள் அதைச் செய்துகொண்டார்கள்.

விதை மரமானது

பத்திரிகைப் பக்கத்தில் தொடங்கிய மணிமன்றம் பத்திரிகையோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் எழுந்தன. நாடகம் போட்டார்கள், பட்டிமன்றம் நடத்தினார்கள், நூல் நிலையம் வைத்தார்கள், கையெழுத்து ஏடு நடத்தினார்கள். தாளில் எழுதிப் பழகியவர்கள் மேடையேறிப் பேசினார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அங்கே தமிழ் நூலகம் அமையச் சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் வேர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியை அதற்குக் கொடுத்தார்கள். பிறகு அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகளார் முன்னின்று உழைக்க, 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு அதே கோலாலம்பூரில் கூடியது. 1960-களின் தொடக்கத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் உருவானது. 1977-இல் ஆதி. குமணன் தொடங்கிய ‘வானம்பாடி’ வார இதழ், புதுக்கவிதை எழுத வந்த இளைஞர்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தது. 1980-களின் நடுவிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்திப் ‘பேரவைக் கதைகள்’ என்ற நூல்களை வெளியிட்டது. மாணவர் பக்கத்தில் முதல் வரி எழுதியவர்களில் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் செய்தியாளர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கினார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளை தெரிய வேண்டுமானால் அதற்கு மண்ணும் கொஞ்சம் வெளிச்சமும் வேண்டாமா? அந்த மண்ணாக இருந்தது மாணவர் பக்கம்.

இன்றைய நிலை

நாடு விடுதலை அடைந்த 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்கும் சற்று மேல். சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம் நகரம் நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரங்கள் இருந்த இடமெல்லாம் தாமானும் தொழிற்சாலையும் ஆகிவிட்டன. பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘தமிழ் நேசன்’ நாளிதழும் 94 ஆண்டுகள் வாழ்ந்து, 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. கதை வகுப்பு நடத்திய தாள் இன்று இல்லை.

இதனினும் கவலை தருவது ஒன்று உண்டு. 1988 முதல் 2019 வரை யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்தது, 2021-இல் அது நீக்கப்பட்டது. தேர்வு போனாலும் அது விட்டுச் சென்ற பழக்கம் போகவில்லை. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் வாங்குகிறோம். பிள்ளை மனப்பாடம் செய்கிறது. “என் பொழுதுபோக்கு” என்று எழுதச் சொன்னால், தபால்தலையையே கையால் தொட்டறியாத பிள்ளை, தபால்தலை சேகரிப்பதாக எழுதுகிறது. இலக்கணப் பிழை இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளை மட்டும் அந்தக் கட்டுரையில் இல்லை. அதற்குப் பந்து பிடிக்கும், பூனை பிடிக்கும், பாட்டி சுடும் தோசை பிடிக்கும். அதைக் கேட்பார் இல்லை. பலகையைப் பார்த்து எழுதிய 1912-க்கு நாமே பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறோம்.

நம்பிக்கை இல்லாமலும் இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி வழியாகக் கவிதை சொல்லி அனுப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். தபால்பெட்டி போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. ஆசை அதே ஆசைதான். இருக்கின்ற தமிழ் நாளிதழ்களிலும் மாணவர் பகுதிக்கு இடம் உண்டு. இடம் இருந்தும் நிரப்பப் பிள்ளை இல்லை என்று ஆகிவிடக்கூடாது.

பெற்றோர்களே, இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பிள்ளை எழுதியதை வாங்கிப் படியுங்கள். உங்களுக்குப் படிக்க நேரமில்லை என்றால் அதையே படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பிழையைத் தேடாதீர்கள். நீங்களே எழுதிக் கொடுத்து அதன் பெயரைப் போடாதீர்கள். கோணலாக இருந்தாலும் அதன் சொல் அதனுடையது. பள்ளிகளும் மாதம் ஒருமுறை சுவரில் ஒரு தாள் ஒட்டட்டும். அண்டைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை வாங்கி, நம் பிள்ளைகள் எழுதியதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும்.

மாணவ மணிகளே, இந்த மலரிலும் உங்களுக்கு என்று பக்கங்கள் உண்டு. அடுத்த ஆண்டு மலருக்கு எழுத இன்றே தொடங்குங்கள். சைக்கிளைவிட்டு இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். உங்கள் சொல்லை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!