சந்திரன் பிளந்ததா? ஒரு வசனமும் சில விளக்கங்களும்

அல்குர்ஆனின் 54ஆவது அத்தியாயம் 'அல்கமர்', அதாவது சந்திரன். மறுமை நெருங்கிவிட்டது, சந்திரன் பிளந்துவிட்டது என்ற கருத்துடன் அது தொடங்குகின்றது. இவ்வசனத்தை அறிஞர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை நோக்குவோம். கைப்பேசி வழியே உலாவிவரும் ஒரு புகைப்படம் இவ்விடயத்தை வீண் சர்ச்சைக்குள் தள்ளியிருப்பதே அதற்குக் காரணமாகும்.

பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு தெளிவானது. மக்காவாசிகள் அத்தாட்சி கேட்டபோது, நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே சந்திரன் பிளந்தது. அது ஒரு முஃஜிஸா, அதாவது நபிமாருக்கு வழங்கப்படும் அற்புதம். இப்னு மஸ்ஊத் (ரலி), அனஸ் (ரலி) ஆகியோரின் அறிவிப்புகள் புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளன. அடுத்த வசனமோ, அத்தாட்சியைக் கண்டாலும் சூனியம் என்று கூறிப் புறக்கணிப்போரைப் பற்றிப் பேசுகின்றது. நிகழாத ஒன்றை எவ்வாறு சூனியம் என்பது? இவ்வாதம் வலுவானதென்றே நாம் கருதுகின்றோம்.

எனினும், இது உலக முடிவில் நிகழவிருப்பது என்ற விளக்கமும் ஆரம்ப காலத்திலேயே இருந்தது. பஸராவின் ஹஸன் (மறைவு 728) அவர்களின் பெயரில் தப்ஸீர் நூல்கள் அதனைப் பதிவு செய்துள்ளன. நிச்சயம் நிகழப்போவதை நிகழ்ந்துவிட்டதாகக் கூறுவது அரபு மொழி மரபு. 16ஆவது அத்தியாயம் இறைகட்டளை வந்துவிட்டதென்று கூறி, உடனேயே அதற்கு அவசரப்பட வேண்டாம் என்கின்றது. தமிழிலும், 'இதோ வந்துவிட்டேன்' என்று வீட்டினுள்ளிருந்து குரல் கொடுப்பவர் இன்னும் வாசலுக்கு வந்திருப்பதில்லை அல்லவா?

19ஆம் நூற்றாண்டில் சேர் செய்யித் அஹ்மத் கான் வேறு திசையில் சென்றார். இறைவனின் சொல்லும் அவன் படைத்த இயற்கையும் முரண்பட முடியாது என்ற அடிப்படையில், மூஸா (அலை) அவர்கள் கடலைக் கடந்தது நீர் வற்றிய வேளையில் என விளக்கினார். 'அடித்தல்' என்ற பொருளுடைய அரபுச் சொல்லுக்குப் 'பயணித்தல்' என்ற பொருளும் உண்டென்பது அவர் வாதம். பிளந்த நீர் மலைபோல் நின்றதாக அதே வசனம் கூறுவதற்கு இவ்விளக்கம் போதுமானதன்று. அவருக்கெதிராகப் பத்வாக்களும் எழுந்தன.

இவ்விரு கருத்துகளையும் ஒரே தட்டில் வைப்பதே இன்றைய விவாதங்களின் கோளாறு. ஹஸனின் பெயரிலுள்ளது ஒரு வசனத்தின் பொருள் பற்றியது. செய்யித் அஹ்மத் கானுடையது அற்புதம் நிகழக்கூடுமா என்பது பற்றியது. முன்னையதைக் கூறுபவரை அற்புதங்களையே மறுப்பவர் என்று தூற்றுவது நியாயமாகாது.

இனி அப்புகைப்படம். 1969இல் அப்பலோ 10 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட அது, ரீமா அரியடேயஸ் என்னும் சுமார் 300 கிலோமீற்றர் நீளப் பள்ளத்தைக் காட்டுகின்றது. நிலம் தாழ்ந்து உருவான இத்தகைய பள்ளங்கள் சந்திரனில் பல உள்ளன. அது சந்திரனைச் சுற்றி ஓடவுமில்லை. பெரும்பான்மையோரின் கருத்துக்கு ஹதீஸ்களே ஆதாரம், இப்படம் அன்று.

16ஆம் நூற்றாண்டில் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் காட்டிய நிதானம் இங்கு நினைவுகூரத்தக்கது. இலங்கையின் பாவாத மலையைத் தரிசிக்கப் புறப்பட்ட யாத்திரிகர்கள், கொடுங்கல்லூர் மன்னருக்குச் சந்திரன் பிளந்த செய்தியைக் கூறியதாக அவர் எழுதுகின்றார். ஆனால் மன்னரே அதனை நேரிற் கண்டு நபியவர்களைச் சந்திக்கச் சென்றார் என்ற பிரபலமான கதையை அவர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 200க்குப் பின்னரே அது நிகழ்ந்திருக்கலாம் என்றார். அற்புதத்தை அவர் மறுக்கவில்லை.